கேஸ் போட்டும் குளிரவில்லையா? கார் ஏ.சி. கேள்வி பதில்

கத்திரி வெயில் தொடங்கும் முன்பே கார் ஏ.சி. பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம். பதில்களில் வரும் பிரஷர் அளவுகள் ஆர்-134ஏ கேஸ் உள்ள வண்டிகளுக்கானவை. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்கள் அந்த வகைதான். உங்கள் வண்டிக்கு என்ன கேஸ், எத்தனை கிராம் என்ற விவரம் பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகுமுன் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும்.

ஐந்து வருடம் ஓடிய சின்ன கார். போன வருடம் இரண்டு தடவை கேஸ் போட்டேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று மாதம்தான் குளிர்ச்சி நிற்கிறது. "வெயில் காலத்துல கேஸ் சீக்கிரம் தீர்ந்துடும் சார், வருஷா வருஷம் போட்டுத்தான் ஆகணும்" என்கிறார் மெக்கானிக். உண்மையா?
— வாசகர், மதுரை

உண்மை இல்லை. ஏ.சி. கேஸ் செலவாகும் பொருள் அல்ல. கம்ப்ரசரில் அழுத்தப்பட்டு, கண்டன்சரில் திரவமாகி, எக்ஸ்பான்ஷன் வால்வில் அழுத்தம் இறங்கி, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, திரும்பவும் கம்ப்ரசருக்கே வந்து சேர்கிறது. ரப்பர் ஹோஸ், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகக் கொஞ்சம் கசிவது இயல்புதான். ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் கொண்டுவந்த விதி, ஒரே ஒரு கூலிங் காயில் உள்ள வண்டிக்கு ஆண்டுக்கு 40 கிராம் என்று உச்சவரம்பு வைத்தது. சின்ன காரில் மொத்தக் கேஸே பெரும்பாலும் 350 முதல் 450 கிராம்தான். இரண்டு மூன்று மாதத்தில் குளிர்ச்சி போகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுவது உங்கள் பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

பணம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. கசிவு வழியாக எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். கேஸ் குறைந்துவிட்டால், மிச்சமிருக்கும் எண்ணெயும் கூலிங் காயிலிலேயே தங்கிவிடும், கம்ப்ரசருக்குத் திரும்பாது. அரைகுறைக் கேஸில் பல மாதம் ஓடிய வண்டியில் அடுத்த செலவு கம்ப்ரசர்தான்.

கசிவைத் தேடும்போது முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேடச் சொல்லுங்கள். பைப் இணைப்புகளில், ஹோஸ் கிரிம்ப் செய்த இடத்தில், கண்டன்சரின் கீழ் மூலையில், கம்ப்ரசர் முன்பக்கத்தில் தூசி ஈரமாக ஒட்டிக் கறுத்திருந்தால் அங்கே சந்தேகம். கேஸ் ஏற்றும் வாய்க்குள் இருக்கும் சின்ன பின் வால்வைப் பலரும் பார்ப்பதே இல்லை. மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். அந்த மூடியே தொலைந்துபோன வண்டிகள் ஏராளம். மூடியும் சீல்தான், அலங்காரம் அல்ல.

அடுத்தது கண்டன்சர். வண்டியின் மூக்கில் இருப்பதால் கல்லடி, சேறு, கடலோர ஊர்களில் உப்புக் காற்று எல்லாம் அதற்குத்தான். வெளியே எதுவும் தெரியாவிட்டால் கூலிங் காயில் மேல் சந்தேகம் போக வேண்டும். டேஷ்போர்டைப் பிரிக்காமலே அதைச் சோதிக்கலாம்: ஏ.சி.யைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, ப்ளோயரை அணைத்து, 15 நிமிடம் கழித்து, வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும் குழாயின் வாயில் எலெக்ட்ரானிக் லீக் டிடெக்டரைக் காட்ட வேண்டும். இந்தக் கேஸ் காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் கீழே இறங்கி அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேறும். மற்ற இணைப்புகளிலும் டிடெக்டரை அடிப்பக்கமாகவே நகர்த்த வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம்.

மிக மெதுவான கசிவுக்கு யூவி டை. சில மில்லி சாயத்தை உள்ளே விட்டு, சில நாள் வண்டியை வழக்கம்போல ஓட்டிவிட்டு, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசியும் இடம் பச்சை மஞ்சளாக ஒளிரும். கேஸ் முழுக்கப் போய்விட்ட வண்டிக்கு உலர் நைட்ரஜனை 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்ப்பதே நல்ல வழி. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்த விடாதீர்கள். அந்தக் காற்றில் ஈரம் இருக்கிறது. போதாததற்கு, மிச்சமிருக்கும் கேஸும் காற்றும் அழுத்தத்தில் கலந்தால் தீப்பிடிக்கும் தன்மை வரலாம்.

"வேக்கம் போட்டுப் பார்த்தோம் (பம்ப் வைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சி வெற்றிடமாக்கினோம்), முள் நிற்கிறது, லீக் இல்லை" என்று சொன்னால் ஏற்காதீர்கள். வேக்கம் சோதனையில் வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் வெறும் 1 பார் (சுமார் 14.5 பிஎஸ்ஐ). வண்டி ஓடும்போது கண்டன்சர் பக்கம் 15 பாருக்கு மேல் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. வேக்கத்தில் ஒட்டி நிற்கும் ஓ-ரிங் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்), பிரஷரில் கசியலாம்.

கசிவை அடைத்த பிறகு செய்ய வேண்டியவை: திறந்த இணைப்புகளுக்கெல்லாம் புது ஓ-ரிங், லேசாக ஏ.சி. எண்ணெய் தடவி, கேஸ் சுற்று வெகுநாள் திறந்து கிடந்திருந்தால் புது டிரையர் (உள்ளே இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பாகம்), குறைந்தது 30 நிமிடம் வேக்கம். வேக்கம் காற்றை மட்டும் எடுப்பதில்லை. சுமார் 28.7 அங்குல வேக்கத்தில் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், உள்ளே இருக்கும் ஈரம் அப்படித்தான் வெளியேறுகிறது. முள் 28-ஐத் தொட்டதும் பம்ப்பை நிறுத்தினால் ஈரம் அப்படியே நிற்கும். (ஊட்டி வாசகர்கள் கவனிக்க: அந்த உயரத்தில் நல்ல பம்ப்கூட 23 அங்குலம்வரைதான் காட்டும். அது பம்ப்பின் கோளாறு அல்ல. அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான்.)

கடைசியாகக் கேஸ், எடை போட்டு. ஸ்டிக்கரில் 400 கிராம் என்றால் 400 கிராம். பிரஷர் கேஜ் முள்ளைப் பார்த்துக் குத்துமதிப்பாக ஏற்றும் பழக்கத்தால்தான் பாதி வண்டிகள் கெடுகின்றன.

ஒர்க்‌ஷாப்பில் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜின் ஆஃப்ல 110 காட்டுது, கேஸ் ஃபுல்லா இருக்கு" என்றார்கள். ஆனால் குளிர் இல்லை. அப்படியென்றால் கோளாறு எங்கே?
— வாசகர், விழுப்புரம்

இன்ஜின் நின்றிருக்கும்போது காட்டும் பிரஷர், கேஸின் அளவைச் சொல்லாது. வீட்டு சிலிண்டரில் பாதி தீர்ந்த பிறகும் அடுப்பு அதே வேகத்தில் எரிகிறது அல்லவா, அதே கணக்குதான். உள்ளே ஒரு சொட்டாவது திரவமாக இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. ஆர்-134ஏ-வுக்கு 30 டிகிரியில் சுமார் 97 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133. உங்கள் வண்டியில் 110 காட்டியது "உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கிறது" என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. 150 கிராம் இருந்தாலும் அதேதான் காட்டியிருக்கும்.

உபயோகமான அளவு ஓடும்போது எடுப்பது. இன்ஜின் 1,500 ஆர்பிஎம், ப்ளோயர் முழு வேகம், கதவுகள் திறந்த நிலை, ஐந்து நிமிடம். வெளியே 35 டிகிரி என்றால் தடித்த பைப் பக்கம் (கம்ப்ரசருக்குத் திரும்பும், அழுத்தம் குறைந்த பக்கம்) 25 முதல் 45 பிஎஸ்ஐ, ஒல்லிப் பைப் பக்கம் (அழுத்தம் கூடிய பக்கம்) 200 முதல் 250 பிஎஸ்ஐ எதிர்பார்க்கலாம். இரண்டும் குறைவு என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடிவிட்டது, அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அல்லது கண்டன்சருக்குக் காற்று போதவில்லை. தடித்த பக்கம் பூஜ்யத்தை நோக்கி இறங்கி வேக்கத்துக்கே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைப்பு. தடித்த பக்கம் ஏறி, ஒல்லிப் பக்கம் இறங்கி இரண்டும் நெருங்கி நின்றால் மட்டுமே கம்ப்ரசர்மேல் கை வைக்க வேண்டும். ஒரே ஒரு முள்ளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரிடம் இரண்டாவது முள் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் 60-ல் போனால் ஜில்லென்று இருக்கிறது. கிண்டி வந்து சிக்னலில் நின்றால் அனல் காற்று. மறுபடி நகர்ந்தால் சரியாகிவிடுகிறது. கேஸ் போட்டார்கள், இன்னும் மோசமாகிவிட்டது.
— வாசகி, சென்னை

கேஸைக் கூட்டியதால் மோசமானது என்பதே உங்கள் கோளாறு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்று கண்டன்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன் செய்ய வேண்டும். அது செய்யவில்லை. வெப்பம் வெளியேறாததால் கேஸ் திரவமாக மாறாமல் பிரஷர் எகிறுகிறது. 30 பாருக்கு மேல் போனால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடும். இதில் கூடுதலாகக் கேஸ் ஏற்றினால் கண்டன்சரின் அடிப்பகுதியைத் திரவமே அடைத்துக்கொள்ளும். குளிர்விக்கும் பரப்பு இன்னும் குறையும்.

வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். வண்டியை நிழலில் நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஏ.சி.யை முழுதாகப் போட்டு, காற்று சூடாகும்வரை காத்திருங்கள். பிறகு முன் கிரில் வழியாகக் கண்டன்சர்மேல் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஓரிரு நிமிடத்தில் குளிர்ச்சி திரும்பினால் கேஸ், கம்ப்ரசர் எதுவும் குற்றவாளி இல்லை, காற்றோட்டம்தான்.

இனி ஃபேன். ஏ.சி. போட்ட சிறிது நேரத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சுற்றவே இல்லையா? ஃபியூஸ், அடுத்து ரிலே. பானெட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் அதே எண் போட்ட வேறொரு ரிலே (பல வண்டிகளில் ஹாரனுடையது) இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். பெரிய வேகத்தில் சுற்றுகிறது, சின்ன வேகத்தில் இல்லை என்றால், ஃபேன் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். இது விலை குறைந்த பொருள், ஆனால் பலர் மோட்டாரையே மாற்றிவிடுகிறார்கள்.

ஃபேன் சுற்றுகிறது என்பதாலேயே நல்லது என்று விட்டுவிடவும் கூடாது. பிரஷ் தேய்ந்த மோட்டார் சோம்பலாகச் சுற்றும். ஒரு தாளைக் கண்டன்சர் முன்னால் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் விலகிப் பறந்தால் மோட்டார் மாற்றியபோது வயரைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டார்கள், காற்று எதிர்த்திசையில் போகிறது. விபத்துக்குப் பிறகு பம்பர் வேலை பார்த்த வண்டிகளில் இதை அவசியம் பாருங்கள். அந்த வண்டிகளில் இன்னொன்றும் தவறும்: கண்டன்சரைச் சுற்றி ஓரங்களில் இருக்கும் ஃபோம் பட்டைகள். அவை இல்லாவிட்டால், நிற்கும்போது ரேடியேட்டர் பின்னால் தள்ளிய சூடான காற்றே சுற்றிவந்து மறுபடி கண்டன்சருக்குள் போகும்.

கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பஞ்சு, பூச்சி, சேறு சேர்ந்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் காட்டினால் அலுமினியத் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும், அதன் பிறகு காற்றுக்கு வழியே இல்லை.

இவற்றைச் சரிசெய்த பிறகு, உள்ளே இருக்கும் கேஸை மெஷினில் முழுதாக வெளியே எடுத்து, சரியான அளவை எடைபோட்டுத் திருப்பி ஏற்றச் சொல்லுங்கள். அப்படியே விடாதீர்கள்.

கிளம்பி அரை மணி நேரம் நன்றாகக் குளிர்கிறது. அதன் பிறகு போகப்போகக் குறைந்துவிடும். பத்து நிமிடம் ஏ.சி.யை அணைத்துப் போட்டால் மறுபடி பழையபடி. தேனி போய்வருவதற்குள் நான்கு தடவை இப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது.
— வாசகர், திண்டுக்கல்

குறைவது காற்றா, குளிரா என்று கவனியுங்கள். அதில்தான் பதில் இருக்கிறது.

ப்ளோயர் சத்தம் அப்படியே இருந்து, வென்ட்டில் வரும் காற்றின் அளவு குறைந்தால், கூலிங் காயில் ஐஸ் கட்டி அடைத்துக்கொள்கிறது. அணைத்தால் ஐஸ் உருகி, வண்டிக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டும். கூலிங் காயிலில் செருகியிருக்கும் தெர்மிஸ்டர், காயில் உறைநிலையை நெருங்கும்போது கம்ப்ரசரை நிறுத்த வேண்டும். அது பழுதாகியிருக்கலாம், அல்லது முன்பு வேலை பார்த்தவர்கள் அதைச் சரியான இடத்தில் செருகாமல் விட்டிருக்கலாம். மீட்டரில் பார்த்தால் குளிரக் குளிர அதன் ரெசிஸ்டன்ஸ் ஏற வேண்டும். அதற்கு முன்பு கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தூசி அடைத்த ஃபில்டரும் ஐஸ் கட்ட வைக்கும். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே எடுக்கலாம்.

காற்று அதே வேகத்தில் வந்து சூடாக மட்டும் மாறினால், கம்ப்ரசரைப் பெல்ட் சுற்றும் புல்லியோடு இணைக்கும் காந்தக் கிளட்ச் சூடேறியதும் விட்டுவிடுகிறது, அல்லது உள்ளே ஈரம் இருந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் முனையில் உறைந்து அடைக்கிறது. சூடாகும் நேரத்தில் வண்டியை ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து பாருங்கள். கம்ப்ரசரின் நடுத்தட்டு சுற்றவில்லை என்றால் கிளட்ச் பக்கம் தேட வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்து குளிர் இல்லை என்றால் ஈரம். டிரையரை மாற்றி நீண்ட வேக்கம் போட வேண்டும்.

இடது பக்க வென்ட் ஒரு மாதிரி, வலது பக்கம் ஒரு மாதிரி. ஏன்?
— வாசகர், ஈரோடு

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வெப்பநிலை வைக்கும் வசதி இல்லாத காரில் இப்படி இருந்தால், பெரும்பாலும் கேஸ் குறைவு. கூலிங் காயிலின் ஒரு பாதியில்தான் திரவம் போய்ச் சேர்கிறது. தனித்தனி வசதி உள்ள காரில், டேஷ்போர்டுக்குள் குளிர்காற்றையும் சூடான காற்றையும் கலக்கும் சின்னக் கதவுகளில் ஒரு பக்கத்தின் மோட்டார் சிக்கியிருக்கலாம். பாட்டரி கழற்றி மாட்டிய பிறகு தொடங்கியது என்றால் அந்த மோட்டார்களுக்கு நிலையை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். ஸ்கேனரில் ஐந்து நிமிட வேலை.

கேஸ் சரி, கம்ப்ரசர் சரி, ஃபேன் சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எந்த வென்ட்டிலும் ஜில்லென்று இல்லை, சாதாரணக் காற்றுதான்.
— வாசகி, தஞ்சாவூர்

இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள சுவரில் நுழையும் தடித்த அலுமினிய பைப்பைத் தொட்டுப் பாருங்கள் (பெல்ட், ஃபேனிடமிருந்து கையைத் தள்ளி வைத்து). அது சில்லென்று வியர்த்திருந்து, உள்ளே மட்டும் குளிர் இல்லையென்றால், கேஸ் சுற்றில் குறையே இல்லை. குளிர்ந்த காற்றில் ஹீட்டரின் சூடு கலக்கிறது. பழைய மாடல்களில் வெப்பக் குமிழைத் திருகும் கேபிள் கொக்கியிலிருந்து நழுவியிருக்கும், புதியவற்றில் கதவின் சின்ன மோட்டாரின் பல்சக்கரம் உடைந்திருக்கும். உறுதி செய்ய: இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸை மழுங்கிய கிளாம்ப் போட்டு அடைத்து, ஓட்டிப் பாருங்கள். குளிர்ச்சி வந்தால் கதவுதான்.

வெளிக்காற்று வரும் வழி மூடாமல் நின்றாலும் இதே தொல்லை வரும். சுற்றுக்காற்றுப் பொத்தானை (கேபினுக்குள் இருக்கும் காற்றையே திரும்பச் சுழற்றுவது) அழுத்தும்போது ப்ளோயரின் சத்தம் மாற வேண்டும். மாறாவிட்டால் அந்தக் கதவு அசையவில்லை.

வென்ட்டில் எவ்வளவு குளிர வேண்டும் என்பதற்கும் அளவு வைத்துக்கொள்ளுங்கள். நடு வென்ட்டில் ஒரு சமையலறைத் தெர்மாமீட்டரைச் செருகி, சுற்றுக்காற்றில், கண்ணாடிகளை ஏற்றி, இன்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் வைத்தால், வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில் 6 முதல் 10 டிகிரி காட்டுவது நல்ல ஏ.சி. காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் இரண்டு மூன்று டிகிரி கூடலாம். காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கவே ஏ.சி.யின் பலத்தில் பெரும் பங்கு போய்விடுகிறது.

கம்ப்ரசர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். பெரிய தொகை. உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படி உறுதி செய்வது?
— வாசகர், சேலம்

"கம்ப்ரசர் ஓடவில்லை" வேறு, "கம்ப்ரசர் கெட்டுவிட்டது" வேறு. ஓடாததற்குக் கேஸ் குறைவுகூடக் காரணமாக இருக்கலாம்: பிரஷர் சுமார் 2 பாருக்குக் கீழே இறங்கினால், கம்ப்ரசரைக் காப்பாற்றுவதற்காகவே சுவிட்ச் அதைத் தடுத்துவிடும்.

கிளட்ச் உள்ள வகையா என்று முதலில் பாருங்கள். வெளிப் புல்லி எப்போதும் சுற்றும், ஏ.சி. போட்டதும் "டக்" என்ற சத்தத்தோடு நடுத்தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். சேரவில்லை என்றால் கிளட்ச் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் கோளாறு கம்ப்ரசரில் இல்லை. ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச், தெர்மிஸ்டர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இன்ஜின் அதிகமாகச் சூடேறினாலும் கட்டுப்பாட்டு யூனிட் ஏ.சி.யை வெட்டிவிடும், மீட்டரில் டெம்பரேச்சரையும் பாருங்கள்.

வோல்ட் வந்தும் ஒட்டவில்லையா? கிளட்ச்சின் காந்தக் காயிலின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 3 முதல் 5 ஓம் இருக்க வேண்டும். மீட்டர் முடிவிலி என்று காட்டினால் அந்தக் காயில் எரிந்துவிட்டது. ரெசிஸ்டன்ஸ் சரியாக இருந்தால் தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் அளக்க வேண்டும். பொதுவாக 0.3 முதல் 0.6 மி.மீ. தேய்ந்து தேய்ந்து அது 0.8-ஐத் தாண்டினால், காலையில் ஒட்டும் கிளட்ச் மதியம் சூடானதும் ஒட்டாது, ஏனென்றால் சூட்டில் காயிலின் ரெசிஸ்டன்ஸ் ஏறிக் காந்த பலம் குறைகிறது. நடு போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்தால் இடைவெளி குறைந்துவிடும். கேஸ் சுற்றையே திறக்க வேண்டியதில்லை. இந்த ஒரு வாஷருக்காகக் குப்பைக்குப் போகும் கம்ப்ரசர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

கிளட்ச் இல்லாத வகையில் புல்லி கம்ப்ரசரோடு எப்போதும் சுற்றும். குளிர்ச்சியின் அளவைப் பின்பக்கத்தில் உள்ள கன்ட்ரோல் வால்வு தீர்மானிக்கிறது. அந்த வால்வு மட்டும் சிக்கிக்கொண்டால் கம்ப்ரசர் ஓடியும் அழுத்தாது. பல மாடல்களுக்கு வால்வு தனியாகவே கிடைக்கிறது. கேட்டுப் பாருங்கள். இந்த வகையில் நடு ஹப், உள்ளே இறுகினால் பெல்ட்டைக் காப்பாற்ற உடைந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கும். புல்லி சுற்றி ஹப் நின்றால் அது உடைந்துவிட்டது. ஏன் உடைந்தது என்று பார்க்காமல் ஹப்பை மட்டும் மாற்றக் கூடாது.

கம்ப்ரசர் உண்மையிலேயே உள்ளே அரைத்துப் போயிருந்தால், பைப்பைக் கழற்றியதும் வாயில் சாம்பல் நிறப் பசையோ வெள்ளித் துகளோ தெரியும். அதை உங்கள் கண்ணால் பாருங்கள். அப்படி இருந்தால் கம்ப்ரசரை மட்டும் மாற்றி விட்டுவிடுவது புதுக் கம்ப்ரசரைக் கொல்வதற்குச் சமம். துகள்கள் கண்டன்சரின் மெல்லிய கால்வாய்களில் தங்கியிருக்கும். இப்போதைய கண்டன்சர்களின் அந்தக் கால்வாய்களை எந்த ஃபிளஷ் திரவமும் முழுதாகச் சுத்தம் செய்யாது. எனவே கம்ப்ரசர், கண்டன்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு நான்கையும் மாற்றி, ஹோஸ்களையும் கூலிங் காயிலையும் மட்டும் ஃபிளஷ் செய்ய வேண்டும். பல கார்களில் டிரையர் கண்டன்சரின் பக்கவாட்டுக் குழாய்க்குள்ளேயே இருக்கும், கண்டன்சரோடு வந்துவிடும்.

எண்ணெய்க் கணக்கிலும் கண் வைக்க வேண்டும். புதுக் கம்ப்ரசர்கள் பெரும்பாலும் மொத்தச் சுற்றுக்கும் தேவையான எண்ணெயோடு வருகின்றன. கேஸ் கசிவுக்காக ஒரு கண்டன்சரை மட்டும் மாற்றினால் 30 முதல் 40 மில்லி, டிரையருக்கு 10 முதல் 15 மில்லி சேர்ப்பது பொதுவான கணக்கு; உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் சொல்வதே இறுதி. எண்ணெயின் வகை பிஏஜி 46-ஆ 100-ஆ என்பதும் அதில் இருக்கும். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், திறந்து கிடந்த டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள். பொருத்திய பிறகு, இன்ஜினைப் போடும் முன், ஹப்பைக் கையால் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். சிலிண்டரில் தேங்கிய எண்ணெய் வெளியேறாமல் முதல் சுற்றிலேயே முழு வேகம் கொடுத்தால் வால்வுத் தகடு உடையும்.

முன் சீட்டில் இடது பக்கம் உட்காருபவரின் காலடியில் தண்ணீர் தேங்குகிறது.
— வாசகர், தூத்துக்குடி

ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டது. வண்டியைத் தூக்கி, அடியில் இருந்து மெல்லிய காற்று கொடுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் கூலிங் காயில் ஓட்டையாகும். தொட்டால் பிசுபிசுவென்று இனிப்பு வாசனை அடித்தால் மட்டும் கதை வேறு: அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட்.

ஆன்லைனில் 450 கிராம் கேஸ் டப்பா கிடைக்கிறது. நானே நிரப்பிக்கொள்ளலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். கசிவு, வேக்கம், எடை மூன்றும் இல்லாமல் டப்பாவை மாட்டுவதால் எதுவும் தீராது. இன்ஜின் ஓடும்போது தவறிப்போய் ஒல்லிப் பைப்பின் வாயில் மாட்டினால், டப்பா வெடிக்கும். (தவறாமல் இருக்கத்தான் தடித்த பக்க வாய்க்கு 13 மி.மீ., ஒல்லிப் பக்கத்துக்கு 16 மி.மீ. என்று வேறு அளவு வைத்திருக்கிறார்கள். அடாப்டர் வாங்கி அதையும் மீறுகிறவர்கள் உண்டு.) திரவக் கேஸ் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், அது கொதிப்பதே மைனஸ் 26 டிகிரியில்.

இதைவிடப் பெரிய ஆபத்து டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது. சமையல் கேஸ் வகைகளைக் கலந்த போலிகள் சந்தையில் உண்டு. அது நன்றாகவே குளிரும். கூலிங் காயில் கசிந்தால் மூடிய கேபினுக்குள் எரிவாயு நிரம்பும். ஆர்-40 என்ற மீத்தைல் குளோரைடைக் கலப்பது அதைவிடக் கொடுமை. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டதும் தானாகத் தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். 2011-ல் இப்படிப்பட்ட போலிக் கேஸ் நிரப்பிய கப்பல் குளிர்ப்பெட்டிகள் வெடித்து வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. வண்டியை இரவு முழுவதும் நிழலில் நிறுத்தி, காலையில் இன்ஜின் போடாமல் கேஜ் மாட்டி, அந்த இடத்தின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் 97 பிஎஸ்ஐ-யை ஒட்டி இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து பிஎஸ்ஐ கூடுதலாக நின்றால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. அதன்மேல் நல்ல கேஸைச் சேர்ப்பதில் பயனில்லை. முழுவதையும் தனிச் சிலிண்டரில் வெளியே எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். குறைவாக நின்றால் திரவமே இல்லாத அளவுக்குக் கேஸ் போயிருக்கலாம். வீட்டு ஏ.சி.க்காரரிடம் இருக்கும் ஆர்-32-ஐ ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். அது 35 டிகிரியில் நிற்கும்போதே 300 பிஎஸ்ஐ தாண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் சில புது மாடல்களில் ஆர்-1234ஒய்எஃப் கேஸ் இருக்கிறது. அதன் வாயின் அளவும் வேறு, அது லேசாக எரியக்கூடியது. அதற்குரிய மெஷின் இல்லாத கடையில் திறக்க விடாதீர்கள்.

எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறேன். பழைய மெக்கானிக்கிடமே ஏ.சி. பார்க்கலாமா?
— வாசகர், திருநெல்வேலி

கேபின் ஃபில்டர் மாற்றுவதும் கண்டன்சரைக் கழுவுவதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். கேஸ் வேலைக்கு, அவருக்கு உயர் வோல்டேஜ் பயிற்சி இருந்தால் மட்டும். அங்கே கம்ப்ரசரை ஓட்டுவது பெல்ட் அல்ல, ஆரஞ்சு நிறக் கேபிளில் வரும் சில நூறு வோல்ட். எண்ணெயும் வேறு: மின்சாரத்தைக் கடத்தாத பிஓஇ வகை. சாதாரண வண்டிக்குப் பயன்படுத்திய மெஷின் ஹோஸில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் பிஏஜி எண்ணெய் உள்ளே போனாலே கம்ப்ரசரின் இன்சுலேஷன் குறைந்து, வண்டி எச்சரிக்கை விளக்கைப் போட்டு நின்றுவிடலாம். இந்தக் கார்கள் பலவற்றில் பெரிய பாட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏ.சி. சுற்றுதான். அதனால் குளிர்ச்சி குறைந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.